மின்பொறியியலை விட்டு வந்தவர்கள்

1942இல் திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் பௌதிக ஆனர்ஸ் முடித்துவிட்டு, இருபது வயதுகூட நிரம்பாத ஒருவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் போகிறார். சேர்ந்தது பௌதிகத்தில் அல்ல, மின்பொறியியலில். போர்க்காலம். பொறியாளருக்குத் தேவை இருந்தது, வேலை இருந்தது. ஆனால் கொஞ்ச நாளிலேயே அவர் துறை மாறி சி. வி. ராமனிடம் போய்விட்டார். அவர்தான் ஜி. என். ராமச்சந்திரன்.

இதைப் பற்றி ஒரு கதை சுற்றிக்கொண்டே இருக்கிறது. மின்பொறியியல் துறைத் தலைவரிடம் ராமன், இந்தப் பையன் உங்கள் துறைக்குக் கொஞ்சம் கூடுதல் கெட்டிக்காரனாக இருக்கிறான், நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னாராம். அறிவியல்காரர்கள் இதை இஞ்சினியர்களைச் சீண்டும் நகைச்சுவையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு ஒட்டுவதில்லை. அந்தக் கதையில் கவனிக்க வேண்டியது வேறு. ராமச்சந்திரனின் அப்பா கணிதப் பேராசிரியர். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். மறுபக்கம், ஒரே வார்த்தையில் துறை மாற்றித் தரக்கூடிய நோபல் பரிசுக்காரர். பின்னால் அப்படி ஒரு வீடும் முன்னால் அப்படி ஒரு மனிதரும் இருந்தால், தப்பான கதவைத் தட்டினாலும் சரியான அறைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

எங்கள் மேட்டுப்பாளையத்தில் அப்படி இல்லை. ஊட்டி ரயில் புறப்படும் மேட்டுப்பாளையம் இல்லை இது, புதுச்சேரி மேட்டுப்பாளையம். தொழிற்பேட்டை, லாரிகள், ஷிஃப்ட் முடிந்து டிபன் பையோடு திரும்புகிறவர்கள். இங்கே ‘இஞ்சினியர்’ என்பது வெறும் படிப்பின் பெயர் இல்லை. மெஷின் முன்னால் நிற்பவருக்கும் உள்ளே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பவருக்கும் நடுவில் உள்ள தூரத்தின் பெயர். எங்கள் தெருவில் பன்னிரண்டாவது முடித்த ஒரு பையன், “ஃபிசிக்ஸ்தான் படிப்பேன். அதுவும் கணக்காவே வர்ற ஃபிசிக்ஸ்” என்று சொன்னபோது அவன் அப்பா கோபப்படவில்லை, பயந்தார். “இருபது வருஷமா லேத்துல நிக்கிறேன் தம்பி. இவன் பேப்பர்ல கணக்கு போட்டுக்கிட்டு இருந்தா யாரு சோறு போடுவா?” என்று என்னிடம் கேட்டார். சென்டாக் விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரு வாரமாகப் பேசிக்கொள்ளவில்லை.

அவருடைய பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் பேப்பரில் போட்ட ஒரு கணக்கு எங்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்லத் தோன்றியது.

ராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பௌதிகத் துறைத் தலைவராக வந்தார். 1954இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து கொலாஜன் புரதத்துக்கு மும்முறுக்கு அமைப்பைச் சொன்னார். 1963இல் அவரும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் சேர்ந்து வெளியிட்ட வரைபடம் இன்றும் புரதம் படிக்கும் எல்லார் மேசையிலும் இருக்கிறது. இவை பாடப்புத்தகத்திலேயே வந்துவிட்டவை. நான் சொல்ல வந்தது 1971இல் அவரும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் எழுதிய ஒரு சிறிய கட்டுரை.

எக்ஸ்ரே படம் என்பது ஒரு நிழல். உடம்புக்குள் ஒரு கோட்டில் இருக்கும் எலும்பு, சதை, ரத்தம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே கூட்டுத்தொகையாகிவிடும். பல திசைகளிலிருந்து இப்படி நிழல்களை எடுத்துவிட்டு, கூட்டுத்தொகைகளை மட்டும் வைத்து உள்ளே எந்தப் புள்ளியில் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியுமா? முடியும் என்று 1917லேயே கணிதவியலாளர் யோஹான் ராடோன் நிறுவிவிட்டார். முடியும் என்பது வேறு, கம்ப்யூட்டரில் ஆகிற காரியம் என்பது வேறு. நிழல்களை வந்த வழியே திருப்பிப் பரப்பினால் படம் மங்கலாக வரும். ஃபூரியே உருமாற்றம் வழியாகப் போனால் அன்றைய கம்ப்யூட்டர்களுக்கு வேலை அதிகம்.

இவர்கள் இருவரும் சொன்ன வழி ஆச்சரியமான எளிமை கொண்டது. ஒவ்வொரு நிழலையும் திருப்பிப் பரப்புவதற்கு முன்னால் சீர்செய்துகொள். ஒவ்வொரு புள்ளியின் மதிப்பிலிருந்தும், இரு பக்கமும் ஒன்றுவிட்டு ஒன்றாக உள்ள புள்ளிகளின் மதிப்பில் ஒரு பங்கைக் கழி. தூரம் கூடக்கூட, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அந்தப் பங்கு குறையும். அவ்வளவுதான், பெருக்கலும் கழித்தலும். வானொலி வானியலில் பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967இலேயே இதே வழிக்கு வந்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் படமாக்கும் மென்பொருள்களில் அந்தச் சீர்செய்யும் விதிக்கு இன்று ‘ராம்–லாக்’ வடிகட்டி என்றுதான் பெயர். லாக் என்றால் லட்சுமிநாராயணன். பெயர் பாதியில் வெட்டுப்பட்டாலும் பிழைத்துக்கொண்டது.

சி.டி. ஸ்கேனுக்கான நோபல் பரிசு 1979இல் இருவருக்குப் போனது. ஒருவர் ஆலன் கோர்மாக். தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலில் சேர்ந்து, பாதியில் பௌதிகத்துக்கு மாறியவர்! 1963லும் 64லும் அவர் எழுதிய கணிதக் கட்டுரைகளை அப்போது யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏற்கெனவே ராடோன் இதைச் செய்துவிட்டார் என்பதே அவருக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும்.

இன்னொருவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். இவர் எதையும் விட்டு வரவில்லை. பல்கலைக்கழகப் பட்டமே இல்லாத பொறியாளர்; ஈ.எம்.ஐ. கம்பெனி ஊழியர். ராடோனின் கணிதம் இல்லாமல், தனக்குத் தெரிந்த வழியில் சமன்பாடுகளைத் தீர்த்துக்கொண்டார். 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் ஒரு மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது அவருடைய இயந்திரம். கணிதம் தெரிந்த கோர்மாக்கின் கட்டுரைகள் அலமாரியில் தூங்கியபோது வேலையை முடித்தவர் இவர். ராமனின் நகைச்சுவைக்குச் சிரிப்பவர்கள் ஹவுன்ஸ்ஃபீல்டையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் கையாண்ட கணக்குமுறை நீடிக்கவில்லை. பின்னால் வந்த ஸ்கேனர்களில் பல்லாண்டு நின்றது, வடிகட்டித் திருப்பிப் பரப்பும் வழி.

இதையெல்லாம் அந்த அப்பாவிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் சொன்னேன். கோரிமேட்டில் ஜிப்மர் பக்கத்திலேயே இருக்கிறது, சி.டி. ஸ்கேன் என்றால் என்னவென்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ராமன், ராடோன், நோபல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஹவுன்ஸ்ஃபீல்டின் சோதனைக் கருவி ஒரு பழைய லேத்தின் படுகைமேல்தான் கட்டப்பட்டது, ஒரு படத்துக்கு ஒன்பது நாள் ஓடியது என்றதும் டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஒம்போது நாளா? பெட்டு எத்தனை அடி?” என்றார்.