கிள்ளான் சடக்கும் லண்டன் வண்டியும்

1955-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் லண்டன் மாநகரின் ஹைடு பார்க்கிலிருந்து இரண்டு லேண்ட் ரோவர் வண்டிகள் கிழக்கு நோக்கிப் புறப்பட்டன. ஒன்று கருநீலம், அதன் பெயர் ஆக்ஸ்போர்டு. மற்றது இளநீலம், அதன் பெயர் கேம்பிரிட்ஜ். அவ்விரு பல்கலைக்கழகங்களிலும் பயின்ற அறுவர் அவற்றில் இருந்தனர். டிம் ஸ்லெஸ்ஸர், அட்ரியன் கோவெல், ஆண்டனி பாரிங்டன் பிரவுன், ஹென்றி நாட், பாட் மர்பி, நைஜல் நியூபெரி என்பன அவர்தம் பெயர்கள். ஆறு மாதமும் ஆறு நாளும் ஓடி, ஏறத்தாழ 18,000 மைல் கடந்து, 1956 மார்ச் 6-ஆம் நாள் அவ்வண்டிகள் சிங்கப்பூரை அடைந்தன. ஆங்கிலக் கால்வாயும் இடையிலுள்ள ஆற்றுத் துறைகளும் நீங்கலாக, வழி முழுவதும் தரைவழியே.

நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறி, பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கிப் பழகிய மலாயாத் தமிழருக்கு இச்செய்தி விந்தையாக இருந்திருக்கும். ‘ரஜூலா’க் கப்பலின் கீழ்த்தட்டும், இறங்கியவுடன் அடைபட்ட தடைமுகாமும்தான் அவர்கள் கண்ட வழி. ஊருக்கும் தோட்டத்துக்கும் நடுவே கடல் கிடக்கிறது என்பதே அவர்கள் அறிந்த பூகோளம். ஆயினும் அவ்வறுவரின் வழியில் ஒவ்வொரு கட்டமாக நடந்து பார்த்தால், தமிழரின் காலடிகள் அங்கே முன்னரே பதிந்திருப்பதைக் காணலாம்.

முதலில் வண்டியைப் பார்ப்போம். முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையே 86 அங்குலம். இரண்டு லிட்டர் பெட்ரோல் எஞ்சின். வேண்டும்போது நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் அமைப்பு. நல்ல சாலையில் இவ்வண்டியின் வேகம் சிறப்பாகச் சொல்லத்தக்கதன்று. சேற்றில் இறங்கினால்தான் அதன் அருமை விளங்கும். கூரையின்மேல் சாமான் தாங்கி. முகப்பில் கூடுதல் விளக்குகள். அதற்குக் கீழே கயிறு சுற்றும் உருளை. இவ்வுருளையை எஞ்சினே சுழற்றும். கயிற்றின் ஒரு முனையை எதிரிலுள்ள மரத்தில் கட்டி, மறுபுறத்தை உருளையில் சில சுற்றுகள் சுற்றிப் பிடித்தால், புதைந்த வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொண்டு வெளியேறும். கிணற்றுக் கமலை பார்த்தவர்களுக்கு இதன் தத்துவத்தை விளக்க வேண்டியதில்லை.

எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் தகர டப்பாக்கள் வேண்டும். 20 லிட்டர் கொள்ளும் தட்டையான டப்பா ஜெர்மானியர் போருக்காக ஆக்கியது. ஆங்கிலேயர் அதைப் பார்த்துத் தாமும் செய்துகொண்டனர். மூன்று கைப்பிடிகள் இருப்பதால் ஒருவர் ஒன்றாகவோ இரண்டாகவோ தூக்கலாம், இருவர் சேர்ந்தும் தூக்கலாம். பாலைவனப் பயணத்தை எளிதாக்கிய பொருள்களுள் இதற்கே முதலிடம் தரவேண்டும், பெரிய எஞ்சினுக்கன்று. இவையன்றி மாற்றுப் பட்டைவில், மாற்றுச் சக்கரம், மண்வெட்டி, கோடரி. மாட்டுவண்டிக்காரர் மாற்றுக் கடையாணியும் வண்டி மையும் அடியில் தொங்கும் அரிக்கன் விளக்கும் இல்லாமல் புறப்பட மாட்டார். அதே முன்யோசனைதான், அளவு மட்டும் பெரிது.

திரைப்படக் கருவிகளுக்குப் பொறுப்பேற்றவர் பாரிங்டன் பிரவுன். உயிரணுவின் மரபு மூலக்கூறு மாதிரியருகே வாட்சனும் கிரிக்கும் நிற்கும் புகழ்பெற்ற நிழற்படத்தை 1953-இல் எடுத்தவர் இவரே என்பது பலர் அறியாதது. பயணத்துக்கு வேண்டிய படச்சுருள் பி.பி.சி.யில் அப்போது இளைஞராயிருந்த டேவிட் அட்டன்பரோவின் வழியாகக் கிடைத்தது.

சாமான்களுள் மிகக் கனமானது காகிதம். எல்லை தோறும் வண்டிக்குச் சுங்கவரி கட்டுவதென்றால் எந்தச் செல்வரும் ஊர்போய்ச் சேரமாட்டார். ஆகவே ‘கார்னே’ என்னும் சுங்கச் சீட்டுப் புத்தகம் வழக்கில் வந்தது. அதன் ஒவ்வோர் ஏட்டிலும் மூன்று பகுதிகள். நாட்டுக்குள் நுழையும்போது ஒன்றைக் கிழித்துக்கொள்வர், வெளியேறும்போது மற்றொன்றை, அடிக்கட்டையில் இரு முத்திரைகளும் விழும். வெளியேறும் முத்திரை இல்லையானால் வண்டி அங்கேயே விற்கப்பட்டதாகக் கொண்டு, சீட்டு வழங்கிய மோட்டார் சங்கத்தினிடம் வரியைக் கேட்பர். சங்கமோ முன்னரே பிணைத்தொகை வாங்கி வைத்திருக்கும். வண்டியை நம்பாமல் காகிதத்தை நம்பும் ஏற்பாடு இது. 1954-இல் நியூயார்க்கில் கையெழுத்தான உடன்படிக்கை இதற்கு உலகப் பொதுவான சட்ட வடிவம் தந்தது.

இவர்களுக்கு முன்னோடி ஒருவர் உண்டு. ஆஸ்திரேலியரான பிரான்சிஸ் பர்ட்டில்ஸ் 1927 அக்டோபரில் லண்டனிலிருந்து ‘சண்டவுனர்’ என்ற பீன் காரில் புறப்பட்டு, பாரசீகம், இந்தியா, நாகர் மலைகள், பர்மா, மலாயா என்று வந்து, சிங்கப்பூரிலிருந்து கப்பலில் டார்வின் சென்று, 1928 ஜூலையில் மெல்பர்னை அடைந்தார். அக்கார் இன்றும் கான்பெராவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குச் சொந்தமாக இருக்கிறது. லண்டனிலிருந்து சிங்கப்பூர்வரை தொடர்ந்து தரைவழியே வந்த முதன்மையோ 1956-ஆம் ஆண்டினருக்கே வழங்கப்படுகிறது.

பிரான்சு முதல் ஆப்கானிஸ்தானம் வரையுள்ள வழியை இங்கே விரிக்கவில்லை. அது பிறரும் பலமுறை சென்ற வழி. உண்மையான சோதனை அசாமின் லேடோவில் தொடங்கிற்று. போர்க்காலத்தில் சீனத்துக்குத் தளவாடம் அனுப்புவதற்காக 1942 முதல் 1945 வரை அமெரிக்கர் அமைத்த சாலை அது. லேடோவிலிருந்து குன்மிங் வரை 1,079 மைல். போர் முடிந்ததும் அதைக் கைவிட்டனர். பத்தாண்டு மழையில் காடு தன் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பங்சாவ் கணவாயைக் கடந்து, பாலம் போன ஆறுகளில் இறங்கி ஏறி, அவ்வறுவரும் பர்மாவுக்குள் புகுந்தனர். இலண்டன் பத்திரிகைகள் இதை வீரச் செயல் என்று எழுதின. வீரச் செயலே.

ஆனால் அதே பங்சாவ் கணவாயில், சாலை போடப்படுவதற்கு முன், 1942-ஆம் ஆண்டு மே மாதத்திலும் அடுத்து வந்த மழைக்காலத்திலும் ஒரு பெருங்கூட்டம் எதிர்த்திசையில் நடந்து வந்தது. ஜப்பானியப் படைக்கு அஞ்சிப் பர்மாவை விட்டு ஓடிய இந்தியர்கள் அவர்கள். தமிழர் பலர் அவர்களுள் இருந்தனர். எல்லா வழிகளிலுமாகப் பர்மாவை நீங்கியோர் சுமார் ஐந்து இலட்சம் என்பது பொதுவான மதிப்பீடு. ஹூக்காவுங் பள்ளத்தாக்கின் சேற்றில் பசியாலும் மலேரியாவாலும் வயிற்றுப்போக்காலும் மாண்டவர்க்குச் சரியான கணக்கு எவரிடமும் இல்லை. அவர்களிடம் கயிறு சுற்றும் உருளை இல்லை. தகர டப்பாவும் இல்லை. தோளில் குழந்தையும் தலையில் மூட்டையுமாக வந்தார்கள். வரலாற்று நூல்களில் அவ்வழியின் ‘முதற் பயணம்’ என்ற தலைப்பின்கீழ் அவர்கள் இடம்பெறுவதில்லை.

மலாயாவையும் பர்மாவையும் தரைவழியே இணைக்கும் வேலைக்கும் தமிழரைப் பலி கொடுத்தாயிற்று. சயாமின் நோங் பிளாதுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில்பாதையை ஜப்பானியர் 1943 அக்டோபரில் முடித்தனர். வெள்ளைக்காரப் போர்க்கைதிகளைப் பற்றி உலகம் அறியும். சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்தும் பிற தோட்டங்களிலிருந்தும் சரக்கு வண்டிகளில் அடைத்து அனுப்பப்பட்ட பல்லாயிரம் தமிழரைப் பற்றி அவ்வளவாக அறியாது. லயங்களில் ‘சயாமுக்குப் போனவர்’ என்றால் அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள். அப்பாதையின் பெரும்பகுதி போருக்குப் பின் கைவிடப்பட்டது. இரண்டு லேண்ட் ரோவர்களும் தெற்கு நோக்கி வந்தபோது அது முடிந்து பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன.

கெங்டுங் வழியாகச் சயாமின் வடமுனையில் இறங்கி, பாங்காக் கடந்து மலாயாவுக்குள் வந்ததும் வண்டிகளுக்கு நல்ல காலம் பிறந்தது. தார்ச்சாலை, அளவாக வெட்டிய கால்வாய், மைல் தவறாமல் கட்டை. இந்நாட்டுத் தமிழர் பேச்சில் நெடுஞ்சாலைக்குச் ‘சடக்கு’ என்றும் மைல்கல்லுக்குக் ‘கட்டை’ என்றும் பெயர். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் போகும் பழைய சடக்கில் ஊர்களையே கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். பத்து தீகா என்ற ஊர்ப்பெயரும் மலாய் மொழியில் மூன்றாம் கல் என்றே பொருள்படும்.

இப்பள்ளத்தாக்கில் முதலில் வந்தது ஆற்றுவழி. பிறகு டாமன்சாரா வரை மாட்டுவண்டித் தடம். 1886-இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடாவுக்கு ரயில். 1890-இல் ஆற்றைத் தாண்டிக் கிள்ளான். 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம். பிரிக்பீல்ட்ஸ் தன் பெயரைச் செங்கற்சூளையால் பெற்றது. தன் வாழ்வை ரயிலால் பெற்றது. யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களும் தமிழகத்துத் தண்டவாளத் தொழிலாளரும் அங்கே ஒரே ஊரில் வேறு வேறு வரிசை வீடுகளில் குடியிருந்தனர். சடக்கு வேலையில் கல் உடைத்தோரும், செம்மண் சுமந்தோரும், தார் ஊற்றியோரும் பெரும்பாலும் தமிழரே. ஆணும் பெண்ணுமாக வெயிலில் நின்று போட்ட சாலைகள் இவை.

சாலை மட்டுமன்று, அதன்மேல் ஓடும் சக்கரமும் இங்கிருந்து போனதே. மோட்டார் வண்டி பெருகப் பெருக ரப்பருக்குத் தேவை கூடிற்று. 1910 ஏப்ரலில் லண்டன் சந்தையில் ஓர் இராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. கிள்ளான், காப்பார், கேரித் தீவுத் தோட்டங்களெல்லாம் அவ்வெழுச்சியில் பரந்தவை. டன்லப் நிறுவனம் டயர் மட்டும் செய்யவில்லை. மலாயாவில் தோட்டங்களையே வைத்திருந்தது. விடியுமுன் எழுந்து பால்மரம் சீவியவர் எடுத்த பால், கடல் தாண்டிப் போய், டயராகி, உலகத்துச் சாலைகளையெல்லாம் சுற்றியது. சீவியவருக்கோ அடுத்த தோட்டத்துக்குப் போவதற்கும் கால்தான் வண்டி.

சைக்கிள் வாங்கியவருக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு 1941-ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தம் சான்று. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத் தலைவரும் ‘தமிழ் நேச’னின் துணையாசிரியருமான ஆர். எச். நாதன் தொழிலாளர் சார்பில் வைத்த கோரிக்கைகளுள் சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்களுக்குப் பாதுகாப்பு, கள்ளுக்கடை மூடல் ஆகியவை இருந்தன. அவற்றோடு ஒன்று: துரையோ கிராணியோ எதிரில் வந்தால் தொழிலாளர் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்பது. கூலியுயர்வுக் கோரிக்கை எந்த நாட்டுப் பட்டியலிலும் இருக்கும்; இதுவோ இவ்வூர்ச் சடக்கில் பிறந்தது. அவ்வாண்டு மே 5-ஆம் நாள் நாதன் கைது செய்யப்பட்டார். பின்பு நாடு கடத்தப்பட்டார். கலவரத்தை அடக்கப் படை வந்தது. தொழிலாளர் ஐவர் சுடப்பட்டு இறந்தனர். தம் ஊர்ச் சாலையில் இறங்காமல் செல்லும் உரிமைக்கு இவ்வளவு விலை.

1956-இல் லண்டன் வண்டிகள் வந்தபோதும் நிலைமை முற்றும் மாறிவிடவில்லை. அவசரகாலம் எட்டாம் ஆண்டில் இருந்தது. 1951 அக்டோபரில் ஹைகமிஷனர் ஹென்றி கர்னி பிரேசர் மலைச் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, உணவுக் கட்டுப்பாடும் ஊரடங்கும் கடுமையாயின. முள்வேலிக்குள் கூட்டப்பட்ட லயங்களில், வாசற்காவலர் சோதித்த பிறகே வேலைக்குப் போகலாம். காட்டிலிருப்போருக்குப் போய்விடுமென்று அரிசிப் பொட்டலத்துக்கும் தடை. அடையாளக் கார்டு இல்லாமல் சடக்கில் கால் வைக்க முடியாது. பன்னாட்டு எல்லைகளை ஒரு சீட்டுப் புத்தகத்தால் கடந்தவர்களும், தோட்ட வாசலைக் கடக்கச் சீட்டுக் காட்டியவர்களும் அம்மாதத்தில் ஒரே சாலையின் அருகருகே இருந்தார்கள். துங்கு அப்துல் ரகுமான் மலாக்காவில் விடுதலைச் செய்தியை அறிவித்து, அப்போது இரண்டு வாரங்களே ஆகியிருந்தன.

இதைச் சொல்வதால் அவ்வறுவரின் துணிவைக் குறைத்ததாகாது. வழி தெரியாத இடத்தில் வழி கண்டவர்கள் அவர்கள். அவர்களுக்கு வாய்த்த கடவுச்சீட்டும் தோலின் நிறமும் அவர்கள் தேடிக்கொண்டவையல்ல. ஆனால் பயண வரலாறு எழுதுவோர் வண்டியின் எண்ணையும் எண்ணெயின் அளவையும் குறித்துவிட்டு, சாலையைப் போட்டவர்களை மலையும் ஆறும் போல இயற்கையில் சேர்த்துவிடுவது முறையன்று.

பின்னாளில் கேம்பிரிட்ஜ் வண்டி ஈரானில் மலைச்சரிவில் உருண்டு அழிந்தது. ஆக்ஸ்போர்டு வண்டி அட்லாண்டிக் கடலின் செயின்ட் ஹெலினாத் தீவில் பல ஆண்டு கிடந்து, மீட்கப்பட்டுச் செப்பனிடப்பட்டு, 2019 ஆகஸ்டு 25-ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு எதிர்வழியாகப் புறப்பட்டது. 87 வயதான ஸ்லெஸ்ஸர் உடன்வர இருந்தார். நோயுற்றமையால் அவர் இடத்தில் அவருடைய பேரன் அமர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் வண்டி லண்டன் சேர்ந்தது. 1956-இல் அது கண்ட மலாயா இல்லை; 1994-இல் முடிவுற்ற வடக்குத் தெற்கு விரைவுச்சாலை வந்துவிட்டது.

இந்தியாவையும் பர்மாவையும் தாய்லாந்தையும் இணைக்கும் முத்தரப்பு நெடுஞ்சாலை 2002-இல் திட்டமிடப்பட்டது, இன்னும் முற்றுப்பெறவில்லை. அதன் இந்திய முனை மணிப்பூரின் மோரே. 1962-க்குப் பின் பர்மாவிலிருந்து கப்பலில் தமிழகத்துக்கு அனுப்பப்பட்ட தமிழருள் சிலர், அங்கே வாழ முடியாமல் தரைவழியே பர்மாவுக்குத் திரும்பிப் போகப் புறப்பட்டனர். எல்லையில் தடுக்கப்பட்டு மோரேயிலேயே தங்கிவிட்டனர். அவர்கள் எழுப்பிய அங்காள பரமேசுவரி கோயில் எல்லைக்கு அருகில் அவ்வூரில் இருக்கிறது.