சிறிய நினைவகமும் நீண்ட நாடாவும்

சிறிய வீடுகளில் ஒரே கூடம் பகலில் உண்ணும் இடமாகவும் இரவில் உறங்கும் இடமாகவும் அமையும். பாயைச் சுருட்டினால்தான் இலை போட இடம் கிடைக்கும். விண்வெளிக்குச் சென்ற பழைய கணிப்பொறி ஒன்றின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு இந்தக் கூடமே நினைவுக்கு வந்தது.

அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்தில் இருவர் செல்வர். அவர்களுக்கு வழிகாட்ட ஐ.பி.எம். நிறுவனத்தார் ஒரு கணிப்பொறி செய்தளித்தனர். நுண்ணிய காந்த வளையங்களால் ஆன அதன் நினைவகத்தில் 4,096 சொற்களே அடங்கும். சொல்லுக்கு 39 பிட்டுகள். ஈண்டுச் 'சொல்' என்பது பொறியாளர் வழக்கு. நாம் பேசும் சொல் அன்று. ஏறுதல், மற்றொரு கலத்தைத் தேடிச் சேர்தல், இறங்குதல் ஆகியவற்றுக்குரிய கட்டளைகள் முதலில் அதனுள் அடங்கின. பின்னர்ப் பணிகள் பெருகின, இடம் பெருகவில்லை.

ஆகவே, எட்டாம் கலம் முதல் காந்த நாடா ஒன்றைத் துணை சேர்த்தனர். ஏறத்தாழ 11,70,000 பிட்டுகள், அதாவது நினைவகத்தைப்போல் ஏழு மடங்கு, அதில் அடங்கும். அந்தந்தக் கட்டத்துக்கு வேண்டிய கட்டளைத் தொகுதியை மட்டும் நாடாவிலிருந்து நினைவகத்தில் ஏற்றுவர், முன்பிருந்தது அழியும். அழிந்தாலும் இழப்பில்லை, மூலப்படி நாடாவில் இருக்கிறதே! இன்றைய கணிப்பொறிகள் இவ்விடமாற்றத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் தாமே செய்து கொள்கின்றன. அன்றோ வீரரே முனைந்து ஏற்ற வேண்டும்; சில நிமிடங்கள் காத்திருக்கவும் வேண்டும். சிக்கனத்துக்குக் கொடுத்த விலை அக்காத்திருப்பு. அதனைச் சிறிதென்று எண்ண என்னால் இயலவில்லை.

1966 மார்ச் 16 அன்று நீல் ஆம்ஸ்ட்ராங்கும் டேவிட் ஸ்காட்டும் ஜெமினி 8 கலத்தில் சென்று, அஜீனா என்னும் ஆளில்லாக் கலத்துடன் தம் கலத்தை இணைத்தனர். விண்வெளியில் இரு கலங்கள் இணைந்தது அதுவே முதன்முறை. அரைமணிக்குள் கலம் சுழலத் தொடங்கிற்று. பழுது அஜீனாவினுடையது என்றெண்ணிப் பிரிந்தனர். சுழற்சியோ மிகுந்து, நொடிக்கு ஒருமுறை என்னும் அளவை எட்டியது. பழுது அவர்தம் கலத்தின் உந்துகருவி ஒன்றிலேயே இருந்தது. இறங்குவதற்கென ஒதுக்கிய உந்துகருவிகளை இயக்கி ஆம்ஸ்ட்ராங் கலத்தை நிலைப்படுத்தினார். அவற்றைத் தொட்டபின் உடனே திரும்புவதே விதி. நினைவகத்தில் அப்பொழுது இருந்ததோ இணைப்புக்கான தொகுதி; இறங்குவதற்கான தொகுதி நாடாவில் இருந்தது.

அத்துணைச் சுழற்சிக்குப் பின்னும் நாடா பிழையின்றி ஓடிற்று. தொகுதி ஏறியது. புறப்பட்டுப் பதினொரு மணி நேரம் நிறைவதற்குள் இருவரும் மேற்குப் பசிபிக் கடலில் நலமாக இறங்கினர்.