பிடியெடுப்புப் பயிற்சி

பிடியெடுப்புப் பயிற்சி என்பது, துடுப்பில் பட்டு நிலத்தைத் தொடாமல் வரும் பந்தைக் கையில் பற்றும் திறனை வளர்க்கக் களத்தடுப்பாளர்கள் தொடர்ந்து செய்யும் பழக்கம். கிரிக்கெட்டில் ஒரு துடுப்பாட்ட வீரரை ஆட்டமிழக்கச் செய்யும் வழிகளில் பிடியெடுப்பே மிகுதியாக நிகழ்வது. நல்ல கைகள் பிறவியிலேயே வாய்ப்பவையா, பந்தைத் திரும்பத் திரும்பப் பிடிப்பதால் வருபவையா என்ற கேள்வி விளையாட்டுத் திடல்களில் பழையது. உடலியக்கத் திறன் பற்றிய ஆய்வுகள் தரும் விடை இரண்டு பகுதிகள் கொண்டது. திரும்பச் செய்தல் பிடியெடுப்பை மேம்படுத்தும். ஆனால் ஒரே பந்தை, ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் நூறு முறை பிடிப்பவரை விட, ஒவ்வொரு முறையும் மாறி வரும் பந்தைப் பிடிப்பவரே ஆட்ட நாளில் கூடுதல் பயன் பெறுகிறார். இலங்கையின் திம்புள்ள போன்ற மலையகத் தேயிலைப் பகுதிகளில் வளரும் இளம் வீரர்களுக்கு இந்த விடை தனி முக்கியத்துவம் உடையது.

பந்தும் கையும்

ஆண்கள் ஆடும் கடினப்பந்தின் எடை ஏறத்தாழ 156 முதல் 163 கிராம். சுற்றளவு 23 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. விக்கெட் காப்பாளரைத் தவிர வேறு எவரும் கையுறை அணிய விதி இடமளிப்பதில்லை. மணிக்கு 130 கிலோமீற்றர் வேகத்தில் வீசப்பட்டுத் துடுப்பின் விளிம்பில் உரசும் பந்து, பதினைந்து மீற்றர் பின்னே நிற்கும் ஸ்லிப் களத்தடுப்பாளரை அரை வினாடிக்குள் வந்தடைகிறது. கண்ணில் பட்ட ஒன்றுக்குக் கை அசையத் தொடங்குவதற்கே ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு கழிகிறது. எஞ்சிய நேரத்துக்குள் கை சரியான இடத்துக்குச் செல்ல வேண்டும், விரல்கள் விரிய வேண்டும், பந்து உள்ளங்கையைத் தொடும் தருணத்தில் மூட வேண்டும். விரல்கள் ஒரு வினாடியின் நூறில் சில பங்கு முந்தி மூடினால் பந்து விரல் நுனியில் மோதித் தெறிக்கும். பிந்தி மூடினால் உள்ளங்கையில் பட்டு வெளியே துள்ளும்.

இந்தக் காலக் கணிப்பை ஒவ்வொரு முறையும் யோசித்துச் செய்ய முடியாது. அது பழக்கமாகவே கைக்கு வர வேண்டும். உளவியலாளர்கள் போல் ஃபிற்சும் மைக்கேல் போஸ்னரும் 1967இல் திறன் கற்றலை மூன்று படிகளாகப் பிரித்தனர். முதற்படியில் கற்பவர் ஒவ்வோர் அசைவையும் நினைத்துச் செய்கிறார். இரண்டாம் படியில் பிழைகள் குறைந்து அசைவுகள் ஒன்றோடொன்று இணைகின்றன. மூன்றாம் படியில் செயல் தானாக நிகழ்கிறது. முதற்படியிலிருந்து மூன்றாவதற்குச் செல்ல மிகுதியான முயற்சிகளைத் தவிர வேறு வழி இல்லை.

கண்ணும் ஓட்டமும்

உயரே எழும் பந்தைப் பிடிப்பது வேறொரு திறன். பந்து நான்கைந்து வினாடிகள் வானில் இருக்கலாம். அது எங்கே விழும் என்று களத்தடுப்பாளர் கணக்கிட்டுவிட்டு அங்கே ஓடுகிறார் என்றே பலரும் எண்ணுகின்றனர். 1968இல் இயற்பியலாளர் செவில் சாப்மன் வேறொரு விளக்கம் தந்தார். பந்தை நோக்கி உயரும் பார்வைக் கோணத்தின் மாற்றமே ஓடுபவருக்கு வழிகாட்டுகிறது என்றார் அவர். கணித முறையில் சொன்னால், அக்கோணத்தின் தாஞ்சன் சீரான வீதத்தில் உயருமாறு ஓடுபவர் பந்து விழும் இடத்தில் இருப்பார். உயர்வின் வேகம் கூடினால் பந்து தலைக்கு மேலே சென்றுவிடும், பின்னே ஓட வேண்டும். குறைந்தால் முன்னே வர வேண்டும். பீற்றர் மக்லியொட், சொல்ற்றன் டீனஸ் ஆகியோர் 1990களில் செய்த ஆய்வுகளில், களத்தடுப்பாளர்கள் உண்மையில் இதற்கு ஒத்த வேகத்திலேயே ஓடுவது தெரிந்தது.

இதிலிருந்து பயிற்சிக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. நின்ற இடத்திலேயே நிற்பவருக்கு உயரப் பந்துகளை எறிந்து கொடுப்பது விரல்களை மட்டுமே பழக்குகிறது. கண்ணும் காலும் சேர்ந்து கற்க வேண்டுமானால் பந்து அவரை ஓட வைக்க வேண்டும். ஒரு பந்து எட்டக்கூடியதா என்பதை நிற்பவரை விட ஓடத் தொடங்கியவரே சரியாக மதிப்பிடுகிறார் என்று நெதர்லாந்தில் ராவுல் அவுடெயான்சும் உடன் ஆய்வாளர்களும் 1996இல் காட்டினர்.

திரும்பச் செய்தல் பற்றிய ஆய்வுகள்

மிகுதியாகச் செய்வதால் திறன் வளர்கிறது என்பதற்குப் புகழ்பெற்ற சான்று தொழிற்சாலையிலிருந்து வந்தது. 1959இல் இங்கிலாந்தின் குரொஸ்மன் சுருட்டு உற்பத்தித் தொழிலாளரின் வேகத்தை ஆராய்ந்தார். பல ஆண்டுகளும் பல இலட்சம் சுருட்டுகளும் கடந்த பிறகும் அவர்களது வேகம் சிறுகச் சிறுகக் கூடிக்கொண்டே இருந்தது. தொடக்கத்தில் முன்னேற்றம் விரைவு, பின்பு மெதுவு, ஆனால் நின்றுவிடுவதில்லை. பயிற்சி விதி என்று இதை அழைக்கின்றனர்.

எப்படித் திரும்பச் செய்வது என்ற அடுத்த கேள்விக்கு 1979இல் ஜோன் ஷேயும் ரொபின் மோகனும் விடை தேடினர். கையில் ரெனிஸ் பந்தை எடுத்துக்கொண்டு மரத் தடைகளைக் குறித்த வரிசையில் தட்டி வீழ்த்த வேண்டிய மூன்று பணிகளை அவர்கள் கொடுத்தனர். ஒரு குழு ஒரு பணியை முழுமையாகச் செய்து முடித்த பின்னரே அடுத்த பணிக்குச் சென்றது. மற்றக் குழு மூன்றையும் கலந்து செய்தது. பயிற்சியின்போது முதற்குழு வேகமாக இருந்தது. பத்து நாட்கள் கழித்துச் சோதித்தபோது கலந்து செய்த குழுவே மேலோங்கி நின்றது.

1994இல் அமெரிக்கக் கல்லூரிப் பேஸ்போல் வீரர்களிடம் கெலி ஹோலும் உடன் ஆய்வாளர்களும் செய்த சோதனை களத்துக்கு இன்னும் நெருக்கமானது. ஆறு வாரம், வாரத்துக்கு இரு முறை, மூன்று வகை வீச்சுகளைக் கலந்து எதிர்கொண்ட வீரர்களின் அடிக்கும் திறன் ஏறத்தாழ 57 சதவீதம் உயர்ந்தது. அதே வீச்சுகளை வகை வகையாகப் பிரித்துப் பயின்றோருக்கு உயர்வு 25 சதவீதம். மேலதிகப் பயிற்சி பெறாதோருக்கு 6 சதவீதம். பின்னர் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, கலப்புப் பயிற்சியின் பலன் ஆய்வகத்தை விட விளையாட்டுத் திடலில் சிறியதாகவே தெரிந்தது. புதிதாகத் தொடங்கும் சிறுவருக்கு முதலில் ஒரே வகைப் பந்தில் அடிப்படை அமைய வேண்டியிருப்பது இதற்கு ஒரு காரணம்.

ரஷ்ய உடலியங்கியலாளர் நிக்கொலாய் பேர்ன்ஸ்ரைன் 1920களில் சம்மட்டி அடிக்கும் தொழிலாளரைப் படம்பிடித்தார். சம்மட்டி ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில் விழுந்தாலும், தோளும் முழங்கையும் மணிக்கட்டும் அசைந்த விதம் ஒருமுறை போல் மறுமுறை இல்லை. தேர்ந்தவர் ஒரே அசைவை அல்ல, ஒரே தீர்வையே திரும்பச் செய்கிறார் என்பது அவரது முடிவு. தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் கைகளைப் போன்றது இது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்ற இலக்கு மாறுவதில்லை, ஆனால் ஒவ்வொரு கொழுந்தும் வேறு இடத்தில், வேறு கோணத்தில் நிற்கிறது.

பயிற்சி முறைகள்

பாடசாலைகளிலும் கழகங்களிலும் வழக்கிலுள்ள முறைகள் பல. வளைந்த மரச்சட்டங்களால் தொட்டில் போல் அமைந்த சாதனத்தில் ஒருவர் பந்தை எறிய, அது எதிர்பாராத உயரத்தில் மறுபுறம் எழும்பும். ஸ்லிப் பிடிகளுக்கான பழைய சாதனம் இது. வரிகள் கொண்ட சரிவுப் பலகையில் பந்தை எறிந்து திசை மாற்றுவது இன்னொரு முறை. துடுப்பின் விளிம்பில் பந்தை உரசவிட்டு ஸ்லிப் வரிசைக்கு அனுப்புவது ஆட்டத்துக்கு மிக நெருக்கமானது. பந்து கையை விட்டுப் புறப்படும் கணத்திலிருந்து அதைக் காணும் பழக்கம் கண்ணுக்கு அதில் கிடைக்கிறது.

சாதனம் எதுவும் இல்லாமலும் பயிற்சி நடக்கும். அவுஸ்திரேலியாவின் டொன் பிராட்மன் சிறுவயதில் வேலியின் வட்டமான குறுக்குக் கம்பில் கொல்ஃப் பந்தை எறிந்து, அது திரும்பி வரும்போது பிடித்துப் பழகினார். கம்பின் எந்தப் பகுதியில் பட்டது என்பதைப் பொறுத்துப் பந்தின் திசை மாறியது.

அமெரிக்கக் கால்பந்தில் நீள்வட்டப் பந்தைப் பிடித்து ஓடும் வீரருக்கும் இதே தேவை உண்டு. 1,549 பிடிகளுடன் அந்த ஆட்டத்தின் தொழின்முறைச் சாதனையை வைத்துள்ள ஜெரி ரைஸ், மிசிசிப்பியில் கட்டட வேலை செய்த தந்தைக்கு உதவியபோது சகோதரர்கள் எறிந்த செங்கற்களைப் பிடித்ததே தம் கைகளை உறுதியாக்கியது என்று கூறியுள்ளார். இன்று அங்கு பந்தை உமிழும் இயந்திரங்கள் பயன்படுகின்றன. கை பழக இயந்திரம் உதவும், ஆனால் எறிபவரின் உடலசைவைப் படிக்க அது கற்றுத் தராது.

திம்புள்ளயில்

திம்புள்ள, நுவரெலியா மாவட்டத்தில் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் அமைந்த தேயிலைப் பகுதி. தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை, பத்தனை, கொட்டகலை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்கள் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,100 முதல் 1,600 மீற்றர் வரை பரவியுள்ளன. தோட்டத் துரைமார் காலத்தில் இங்கு கிரிக்கெட் வேரூன்றியது. நானுஓயாவுக்கு அருகே ரதல்லயில் திம்புள்ள கழகத்தின் திடலும், டிக்கோயா தரவளையில் டிக்கோயா–மஸ்கெலியா கழகத்தின் திடலும் அக்காலத்தின் எச்சங்கள். தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஆட்டம் பெரும்பாலும் தோட்ட மைதானத்திலும், பாடசாலை முற்றத்திலும், லயங்களுக்கு இடைப்பட்ட வெளியிலும் மென்பந்தில் தொடங்குகிறது.

இந்த நிலவியல் பிடியெடுப்பைப் பல வழிகளில் பாதிக்கிறது. 1,500 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையை விட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. தடை குறைவதால் உயர அடித்த பந்து சற்றுத் தொலைவு கூடுதலாகச் செல்லும். தாழ்நிலத்திலிருந்து வரும் களத்தடுப்பாளரின் முதல் அடிகள் பிழைக்கக்கூடும். ஆனால் பார்வைக் கோணத்தை வைத்து ஓடுபவர் சில பந்துகளில் அதைத் திருத்திக்கொள்வார். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவமழையும் மூடுபனியும் பந்தை ஈரமாக்கி, விரல்களை விறைக்கச் செய்கின்றன. ஜனவரி முதல் மார்ச் வரையான உலர் காலமே, தரமான தேயிலை கிடைக்கும் பருவமும் கடினப்பந்துப் பயிற்சிக்கு உகந்த பருவமும் ஆகும். குளிர்ந்த கையோடு கடினப்பந்தைப் பிடிப்பது விரல் காயங்களுக்கு வழி என்பதால், தொடங்கும் முன் கைகளைச் சூடாக்குவது இங்கு இன்றியமையாதது.

மென்பந்து ஒரு குறையல்ல. ரெனிஸ் பந்தின் எடை 60 கிராமுக்கும் குறைவு. எனினும் அது எளிதில் துள்ளுவதால் இறுகிய கையில் நிற்காது. பந்தோடு கையைப் பின்னிழுத்து வாங்கும் பழக்கத்தை அது தானாகவே கற்பிக்கிறது. அடிபடும் அச்சம் இல்லாததால் சிறுவர் கண்ணை மூடாமல் பந்தைக் கடைசி வரை பார்க்கின்றனர். கடினப்பந்துக்கு மாறும்போது இந்த இரண்டு பழக்கங்களும் கைகொடுக்கும். எடைக்கும் வேகத்துக்கும் மட்டுமே புதிதாகப் பழக வேண்டும்.

பெயர்பெற்ற களத்தடுப்பாளர்கள்

முத்தையா முரளிதரனின் பாட்டனார் தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். மலையக வேர் கொண்ட இந்தச் சுழற்பந்து வீச்சாளர் 133 டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகளைச் சாய்த்தார். அவற்றுள் 77ஐ மஹேல ஜயவர்தனவின் பிடிகள் பெற்றுத் தந்தன. டெஸ்ட் வரலாற்றில் விக்கெட் காப்பாளர் அல்லாத களத்தடுப்பாளர் ஒருவரும் பந்துவீச்சாளர் ஒருவரும் சேர்ந்து நிகழ்த்திய சாதனை அது. 2010 ஜூலை 22 அன்று காலியில் வீழ்ந்த 800ஆவது விக்கெட்டும் ஸ்லிப்பில் ஜயவர்தன பிடித்ததே. பந்து எவ்வளவு திரும்பும், எவ்வளவு எழும்பும் என்பதை ஆண்டுக்கணக்கில் ஒரே பந்துவீச்சாளருக்கு அருகில் நின்று அறிந்த கைகளின் பலன் இது. ஜயவர்தன டெஸ்டில் மொத்தம் 205 பிடிகளை எடுத்தார்.

இந்தியாவின் ராகுல் திராவிட் 210 பிடிகளுடன் ஓய்வு பெற்றார். அச்சாதனையை 2025இல் இங்கிலாந்தின் ஜோ ரூட் கடந்தார். 1971இல் இங்கிலாந்து மண்ணில் இந்தியா முதன்முறையாகத் தொடரை வென்றபோது, துடுப்பாட்ட வீரருக்கு மிக அருகில் தலைக்கவசமின்றி நின்றவர் ஏக்நாத் சோல்கர். அவர் 27 டெஸ்டுகளில் 53 பிடிகளை எடுத்தார். சென்னையின் எஸ். வெங்கடராகவன் பந்துவீச்சாளராக மட்டுமன்றி, அதே அணியின் நெருக்கக் களத்தடுப்பு வரிசையிலும் நம்பகமானவராக இருந்தார்.

பயிற்சியின் எல்லைகள்

பயிற்சி எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. 2014இல் புரூக் மக்னமாராவும் உடன் ஆய்வாளர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது, விளையாட்டுத் திறன் வேறுபாட்டில் திட்டமிட்ட பயிற்சியின் அளவு விளக்கியது ஏறத்தாழ 18 சதவீதமே. பார்வைக் கூர்மை, உயரம், தொடங்கிய வயது, கிடைத்த பயிற்றுநர், உடல்நலம் ஆகியனவும் பங்கு வகிக்கின்றன. களைத்த கைகளோடு தொடரும் பயிற்சி பிழையான பழக்கத்தையே பதிய வைக்கும். விரல் மூட்டுக் காயங்களும் அப்போதே மிகுதி. பயிற்சியில் தவறாத ஒருவர் ஆட்டத்தில் தவறவிடுவதற்கு, நீண்ட நேரம் பந்து வராமல் நின்ற பின் திடீரென வரும் ஒரு பந்துக்கு அவர் பழகாததும் காரணமாகலாம். எனவே இடைவெளி விட்டு, எதிர்பாராத வேளையில் பந்து அனுப்புவதும் பயிற்சியின் பகுதியாக வேண்டும்.

மதிப்பீடு

திரும்பச் செய்தல் பிடியெடுப்பை வளர்க்கிறது என்பதில் ஐயமில்லை. அதன் பலன் எண்ணிக்கையை விட வகையைப் பொறுத்தது. தொடக்கத்தில் எளிய, ஒரே சீரான பந்துகள். அடிப்படை அமைந்ததும் உயரம், வேகம், திசை, தூரம் யாவும் கலந்த பந்துகள். இறுதியில் துடுப்பிலிருந்தே வரும் பந்துகள். இதற்கு விலையுயர்ந்த சாதனம் தேவையில்லை. ஒரு சுவரும், ஒரு பந்தும், எறிந்து கொடுக்க ஒரு நண்பரும் போதும். மலையகப் பாடசாலைகளில் பயிற்றுவிப்போர் நாளாந்தப் பயிற்சியில் துடுப்பாட்டத்துக்குத் தரும் நேரத்தில் ஒரு பகுதியையேனும் கலப்புப் பிடியெடுப்புக்கு ஒதுக்குவார்களானால், திடலும் வசதியும் குறைந்த தோட்டப் பிள்ளைகள் வேறு எந்த ஊர்ப் பிள்ளைகளோடும் சமமாக நிற்கக்கூடிய துறை களத்தடுப்பே.