சதை வற்றி, தொப்பை வைத்து: முதிய ஆண்களுக்கான சிகிச்சை வந்த வழி

பர்மா, மலேயா என்று 'கொண்டுவிக்க', அதாவது தொழில் செய்யப் போனவர்களின் ஊர் நெற்குப்பை. இன்று பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள். இத்தகைய செட்டிநாட்டு ஊர்களின் பெரிய வீடுகளில் தங்கிவிட்ட ஆண்களுக்கு அறுபதைத் தாண்டியதும் கையும் தொடையும் வற்றி, வயிறு மட்டும் முன்னே வரும். தசை போன இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்வதால் எடை மாறாது. 'வயசானா அப்படித்தான்' என்று வீட்டாரும் விட்டுவிடுவார்கள். மருத்துவம் விடவில்லை. ஆனால் நெடுங்காலம் அது தேடியது ஊசியைத்தான்.

1889-இல் பாரிஸ் அறிஞர் பிரவுன்-செக்கார், தம் 72-ஆம் வயதில், நாய், சீமைப்பெருச்சாளி ஆகியவற்றின் விதைச்சாற்றை உடலில் ஏற்றிக்கொண்டு, இழந்த வலு மீண்டதாக அறிவித்தார். அந்தச் சாற்றில் ஹார்மோன் அநேகமாக இருந்திருக்காது. அவர் உணர்ந்தது நம்பிக்கையின் பலம். 1935-இல் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் செயற்கையாகவே தயாரானது. 1990-இல் டேனியல் ருட்மன் 60 வயது கடந்த 12 ஆண்களுக்கு ஆறு மாதம் வளர்ச்சி ஹார்மோன் செலுத்தினார். கொழுப்பு நீங்கிய உடற்பொருள் 8.8% கூடியது, கொழுப்பு 14.4% குறைந்தது. இளமை விற்கும் கடைகள் இந்த எண்களை வைத்தே பிழைத்தன.

அந்தக் கடைகள் சொல்லாதது பின்னர் வந்தது. 1996-இல் வெளிவந்த பாப்படாகிஸ் குழுவின் ஆய்வில், எழுபது கடந்த ஆண்களுக்கு இதே ஹார்மோனால் உடலமைப்பு மாறியதே தவிர, செயல்திறன் கூடவில்லை. 1999-இல் ஸ்னைடர் குழு, 65 கடந்த ஆண்களுக்கு மூன்றாண்டு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துப் பார்த்தது. சுமார் 3 கிலோ கொழுப்பு கரைந்தது, 1.9 கிலோ மெலிந்த உடற்பொருள் ஏறியது, முழங்கால் வலு மட்டும் கூடவில்லை. உண்மையில் ஹார்மோன் குறைந்துபோனவர்களுக்கு இது மருந்து. எல்லா முதியவர்களுக்கும் அல்ல.

ருட்மன் எண்கள் வெளிவந்த அதே 1990-இல், பாஸ்டன் முதியோர் இல்லமொன்றில் மரியா ஃபியதரோனே, சராசரி 90 வயதுடைய பத்துப் பேரை எட்டு வாரம் கால்களால் எடை தூக்க வைத்தார். கால்வலு சராசரியாக 174% உயர்ந்தது. ஊசியின் முடிவு பெற்ற விளம்பரத்தில் கால்பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை என்பது என் கணிப்பு. விற்பதற்கு இதில் சரக்கு இல்லை! எடை தூக்குவது நமக்கும் புதிதல்ல. தென்மாவட்ட ஊர்களில் இளைஞர்கள் தூக்கிப் பார்க்கும் இளவட்டக்கல் கிடக்கிறது, பெயரிலேயே வயது வரம்போடு.

பட்டினி கிடந்து எடை குறைப்பதும் முழு வழியல்ல. கொழுப்போடு தசையும் கரையும். வில்லாரியல் குழு 2017-இல், பருமனான 160 முதியவர்களிடம் உணவுக் குறைப்போடு மூன்று வகைப் பயிற்சிகளை ஒப்பிட்டது. நடை போன்ற மூச்சுப் பயிற்சி மட்டும் செய்தவர்கள் மெலிந்த உடற்பொருளில் 5% இழந்தார்கள். எடைப் பயிற்சியாளர்கள் 2% மட்டுமே. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கே செயல்திறன் அதிகம் தேறியது. மார்ச் 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்த மௌஞ்சாரோ போன்ற எடைக் குறைப்பு ஊசிகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்: இறங்கும் எடையில் ஒரு பங்கு தசை.

இந்தியருக்குச் சிக்கல் கூடுதல். ஒல்லியாகத் தெரியும் உடலிலும் கொழுப்பு மிகுந்திருப்பதை 2004-இல் புணே மருத்துவர் யாஜ்னிக் கவனப்படுத்தினார். நம் தட்டும் உதவுவதில்லை. 2025-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி, இந்தியர் பெறும் கலோரியில் 62% மாவுச்சத்து, புரதம் ஏறத்தாழ 12% தான். முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பது 2013-இன் வல்லுநர் பரிந்துரை. 60 கிலோ உடம்புக்கு 60 முதல் 72 கிராம். இட்லி, மதியச் சோறு, இரவு இடியாப்பம் என்று போனால் அதை எட்ட முடியாது. முட்டை, மீன், சுண்டல், தயிர் கூட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே கூட்டலாம்.

தமிழகத்தில் முதியோர் மருத்துவத்துக்குத் தனித்துறை கண்டவர் மருத்துவர் வி.எஸ்.நடராஜன். 1978-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் அதற்கான புறநோயாளர் பிரிவு தொடங்கியது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. நெற்குப்பைக்காரருக்கு அது ஒரு ராப்பயணம். 2021-இல் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. படுத்துவிட்டவருக்கு மட்டுமின்றி, இன்னும் நடமாடுபவருக்கும் அது எடைப் பயிற்சி சொல்லித்தரலாம். யாருக்குத் தேவை என்றறிய ஸ்கேன் வேண்டியதில்லை. தசை இழப்புக்கான 2019-இன் ஆசிய அளவுகோலின்படி, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர 12 விநாடியோ அதற்கு மேலோ ஆகிறவரை மேலும் சோதிக்க வேண்டும்.