பொறியியல் வடிவமைப்புத் தரவு மேலாண்மையின் வரலாறு

ஒரு இயந்திரத்தையோ விமானத்தையோ உருவாக்கும் காலத்தில் அதன் வரைபடங்கள் பலமுறை திருத்தப்படுகின்றன. எந்தத் திருத்தம் நடப்பில் உள்ளது, அதை யார் பார்க்கலாம், யார் மாற்றலாம், யார் ஒப்புதல் தரலாம் என்பவற்றை ஒழுங்குபடுத்தும் முறை வடிவமைப்புத் தரவு மேலாண்மை எனப்படுகிறது. இன்று இதற்கெனத் தனி மென்பொருள்கள் உள்ளன. ஆனால் இதன் அடிப்படை விதிகள் கணினி வருவதற்கு முன்பே, காகித வரைபடங்களின் காலத்திலேயே உருவாகிவிட்டன.

காகிதக் காலம்

1842-இல் ஜான் ஹெர்ஷெல் கண்டுபிடித்த நீலப்படி முறை, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொறியியல் வரைபடங்களைப் படியெடுக்கப் பரவலாகப் பயன்பட்டது. ப்ளூபிரின்ட் என்ற சொல் இதிலிருந்து வந்ததே. மூல வரைபடம் வரைபட அலுவலகத்தில் பூட்டிவைக்கப்படும். பட்டறைக்குப் படி மட்டுமே செல்லும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் ஆகியோரின் கையொப்பங்கள் வரைபடத்தின் மூலையில் உள்ள கட்டத்தில் இடம்பெறும். திருத்தம் செய்தால் அ, ஆ என்பதுபோல ஓர் அடையாள எழுத்தும் தேதியும் சேர்க்கப்படும். பழைய படிகளைத் திரும்பப் பெறுவதும் அலுவலகத்தின் பொறுப்பு. பழைய படி ஒன்று பட்டறையில் தங்கிவிட்டால், பொருந்தாத பாகம் உருவாகிவிடும்.

கணினியின் வருகை

1963-இல் ஐவன் சதர்லாண்ட் எம்.ஐ.டி.யில் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட், திரையில் நேரடியாக வரைய முடியும் என்பதைக் காட்டியது. அதன்பின் வரைபடங்கள் கோப்புகளாயின. கோப்பை நொடியில் நகலெடுக்கலாம் என்பது வசதியாகவும் சிக்கலாகவும் அமைந்தது. ஒரே பாகத்திற்குப் பல நகல்கள் பல கணினிகளில் இருந்தால், எது மூலம் என்று சொல்ல முடியாமல் போயிற்று. 1970-களில் நாசா, போயிங் நிறுவனத்துடன் இணைந்து நடத்திய ஐபேட் திட்டம், விமான வடிவமைப்பின் வெவ்வேறு நிரல்களைப் பொதுவான தரவுத்தளம் ஒன்றின் வழியாக இணைக்க முயன்றது.

இதே சிக்கலை மென்பொருள் எழுதுவோரும் சந்தித்தனர். 1972-இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் எஸ்.சி.சி.எஸ். என்ற கருவியை உருவாக்கினார். இது ஒவ்வொரு பதிப்பையும் முழுமையாகச் சேமிக்காமல், பதிப்புகளுக்கு இடையிலான மாற்றங்களை மட்டும் சேமித்தது. 1980-களின் தொடக்கத்தில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிக்கி உருவாக்கிய ஆர்.சி.எஸ்., ஒருவர் திருத்துவதற்காக எடுத்த கோப்பை மற்றவர் மாற்றாதபடி பூட்டியது.

நிரல்கள் வரிகளால் ஆனவை என்பதால், இருவர் தனித்தனியே செய்த மாற்றங்களைப் பின்னர் ஒன்றிணைக்க முடிகிறது. முப்பரிமாண வடிவங்களில் அது எளிதன்று. ஒரு துளையின் இடம் மாறினால், அதனோடு பொருந்தும் பாகங்களும் மாற வேண்டும். அதனால் பூட்டும் முறை பொறியியல் துறையில் நீண்ட காலம் நிலைத்துவிட்டது.

அணுகல் உரிமை

வடிவமைப்புத் தரவில் உரிமை என்பது ஆளை மட்டும் பொறுத்ததன்று. கோப்பின் நிலையையும் பொறுத்தது. பணியில் உள்ள வரைபடத்தை வடிவமைப்பாளர் மாற்றலாம். சரிபார்ப்பில் இருக்கும்போது அவரும் மாற்றக் கூடாது. வெளியிடப்பட்டபின் உற்பத்திப் பிரிவினர் உட்பட உரியவர்கள் அனைவரும் அதைப் பார்க்கலாம்; யாரும் மாற்ற முடியாது. மாற்றம் தேவையெனில் புதிய திருத்தப் பதிப்பு தொடங்கப்படும். மூல வரைபடத்தைப் பூட்டிவைத்த பழைய விதியே இங்கு கணினியின் விதியாகியுள்ளது.

இரு விமானங்கள்

1994 ஜூனில் முதன்முறை பறந்த போயிங் 777, முழுவதும் கணினியில் வடிவமைக்கப்பட்ட முதல் பயணிகள் ஜெட் விமானமாகக் கருதப்படுகிறது. 200-க்கும் மேற்பட்ட குழுக்கள் கேட்டியா மென்பொருளில் பணியாற்றின. பாகங்கள் ஒன்றோடொன்று மோதுகின்றனவா என்பது கணினியிலேயே சோதிக்கப்பட்டது.

பொதுவான மாதிரி இல்லையெனில் என்ன நேரும் என்பதை ஏர்பஸ் ஏ380 காட்டியது. இவ்விமானத்தில் சுமார் 500 கி.மீ. நீள மின்கம்பிகள் உள்ளன. ஜெர்மனி, ஸ்பெயின் பிரிவுகள் கேட்டியாவின் 4-ஆம் பதிப்பையும், பிரான்ஸ், பிரிட்டன் பிரிவுகள் 5-ஆம் பதிப்பையும் பயன்படுத்தின. ஓரிடத்தில் செய்த மாற்றம் மற்றோரிடத்து மாதிரியில் சரியாகச் சேரவில்லை. ஹாம்பர்க்கில் தயாரான கம்பித் தொகுதிகள் துலூஸில் பொருத்தும்போது பொருந்தவில்லை. பணியாளர்கள் அவற்றைக் கையால் சரிசெய்ய வேண்டியிருந்தது. 2006-இல் தொடர்ந்து தாமதங்கள் அறிவிக்கப்பட்டன. அவ்வாண்டு ஜூலையில் ஏர்பஸ் தலைவர் குஸ்டாவ் ஹும்பெர்ட்டும், தாய் நிறுவனமான ஈ.ஏ.டி.எஸ்.-இன் இணைத் தலைமை அதிகாரி நோயல் ஃபோர்ஜாரும் பதவி விலகினர். முதல் விமானம் ஏறத்தாழ இரண்டாண்டுத் தாமதத்தில், 2007 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது.

மென்பொருள் பதிப்பு மட்டுமே இதற்குக் காரணமன்று. நாடுகளாகப் பிரிந்திருந்த பிரிவுகள் தத்தம் கருவிகளையும் முறைகளையும் விட்டுக்கொடுக்காததும் காரணமாகும். அடுத்து உருவான ஏ350-இல், எல்லாத் தளங்களும் பொதுவான டிஜிட்டல் மாதிரியில் பணியாற்ற ஏற்பாடு செய்யப்பட்டது. அது 2013 ஜூனில் முதன்முறை பறந்தது.