மணியாச்சி மேசையில் ஒரு வைபி என்ஜின்

டெண்டரை மூடி ஸ்க்ரூ முடுக்கியதும் பக்கத்துத் தெரு அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். ரயில்வேயில் ஃபயர்மேனாக இருந்தவர், எண்பதை நெருங்குகிறார். என் மேசையில் மணியாச்சி ஜங்ஷன் 1:87 அளவில் பாதி கட்டியபடி நிற்கிறது. ஒரு ஜப்பானிய மாடலின் அடிச்சட்டத்தில் பிளாஸ்டிக் ஷீட் வெட்டி ஒட்டிச் செய்த மீட்டர் கேஜ் வைபி என்ஜின் அதில் ஓடுகிறது. சவுண்ட் டீகோடர் போட்ட பிறகு அதற்கு இதுதான் முதல் ஓட்டம்.

ஒரு நிமிஷம் கேட்டார். "தம்பி, இது நம்ம வண்டி இல்லலா" என்றார்.

எனக்குக் கொஞ்சம் வலித்தது. டீகோடர் வைப்பது லேசான வேலை இல்லை. சிவப்பு, கறுப்பு வயர்கள் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. மோட்டாரின் எந்த முனையும் சட்டத்தைத் தொடக்கூடாது, தொட்டால் டீகோடர் போச்சு. ஸ்பீக்கரைச் சுற்றிக் காற்றுப் புகாத சின்னப் பெட்டி வேண்டும், இல்லாவிட்டால் முன்பக்க ஒலியைப் பின்பக்க ஒலி தின்றுவிடும். இதெல்லாம் சரியாகத்தான் செய்திருந்தேன். கோளாறு ஒலிக்கோப்பில். நான் ஏற்றியது ஜெர்மனியின் 01 வகை என்ஜினுடைய சத்தம்.

இரண்டு சிலிண்டர் நீராவி என்ஜின், சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நாலு தடவை "சுக்" என்னும். ஜெர்மன் 01-க்கு ஓட்டுச் சக்கரம் 2,000 மி.மீ., வைபிக்கு 1,372 மி.மீ.தான். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது ஜெர்மன் வண்டி நொடிக்கு 1.8 தடவை மூச்சு விட்டால், நம்ம வண்டி 2.6 தடவை விடும். வருஷக்கணக்கில் கரி அள்ளிப் போட்டவர் காதுக்கு இது தப்புமா?

அடுத்து கேட்டார்: "நிக்கிற வண்டியில என்ன டக்கு டக்குன்னு?" அது காற்று பிரேக்குக்கான பம்ப். நம்மூர் மீட்டர் கேஜ் நீராவி வண்டிகளில் இருந்தது வேக்குவம் பிரேக். பம்ப் கிடையாது, எஜெக்டர் வழியாக நீராவி சீறி காற்றை உறிஞ்சும். நின்றாலும் "உஸ்ஸ்" என்றுதான் கேட்கும். புகைப்படம் பார்த்து வண்டி செய்பவனுக்கு இது எங்கே தெரியப்போகிறது!

தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதை 1876-ல் தூத்துக்குடியைத் தொட்டது. சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்தவர்கள் இங்கே இறங்கிக் கொழும்புக்குக் கப்பல் ஏறினார்கள். கரையோரம் ஆழம் போதாது என்பதால் கப்பல் சில மைல் தள்ளி நங்கூரமிட்டிருக்கும், ஸ்டீம் லாஞ்சில்தான் அங்கே போகவேண்டும். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது இந்தக் கொழும்பு வழிக்காகத்தான். 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது மணியாச்சியில் நின்ற ரயில்பெட்டிக்குள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் தனுஷ்கோடிப் பக்கம் போய்விட்டது.

முதலில் 1911-ஐத்தான் மேசையில் கொண்டுவர ஆசைப்பட்டேன். ஆனால் வைபி வந்ததே 1949-க்குப் பிறகு. ஆஷ் காட்சியில் அதை நிறுத்தினால் கம்ப்யூட்டர் ஜியின் காலத்தில் கட்டபொம்மனை உட்கார வைத்த மாதிரி ஆகிவிடும். ஆகவே என் மணியாச்சி 1960-களுக்கு நகர்ந்துவிட்டது. அண்ணாச்சி வேலைக்குச் சேர்ந்த காலம்.

இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். லோக்சவுண்டில் சிவி 57, 58 இரண்டும் சக்கரத்தோடு மூச்சை இசைவிக்கும் எண்கள். மேசையில் ஒரு சுற்றுக்கு நாலு மூச்சு வரும்வரை மாற்றினேன். பம்ப் சத்தத்தை எடுத்துவிட்டு, நீராவிச் சீறலை நிற்கும் நிலைக்குக் கொண்டுவந்தேன்.

மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை உட்கார்ந்தே கேட்டார். வண்டி சிக்னலைத் தாண்டி மேசை விளிம்பு வரை போய் நின்றது. கன்ட்ரோலரைக் கையில் வாங்கி விசில் பட்டனை அவரே அழுத்தினார்.

"விசில இவ்ளோ சுருக்கா விடமாட்டோம். லெவல் கிராசிங்குக்கு நீட்டி இழுக்கணும்" என்று சொல்லி, விரலை எடுக்காமல் பிடித்துக் காட்டினார்.