தாது வருஷத்திலிருந்து ரேஷன் அரிசி வரை: நம்ம ஊர்ப் பாட்டிகளின் உடம்புக் கதை



போன வாரம் பழைய மாணவர் சந்திப்புப் படத்தைப் போட்டதும் பலரும் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள். "டீச்சர், என்ன இப்படி இளைச்சுப் போயிட்டீங்க? உடம்புக்கு ஏதாவதா?" உறவில் இரண்டு பேர் பதறிப்போய் போனே செய்துவிட்டார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. வேண்டுமென்றே குறைத்ததுதான். 76 கிலோ இருந்தேன், இப்போது 67. அதற்கு மூன்று வருஷம் ஆனது.

ஆனால் உங்கள் கேள்வி என்னை யோசிக்க வைத்தது. ஒருவர் இளைத்தால் நாம் ஏன் பயப்படுகிறோம்? "நல்லா பூசினாப்ல இருக்கே" என்றால் ஏன் பாராட்டாக எடுத்துக்கொள்கிறோம்? வரலாறு சொல்லிக்கொடுத்தவள் இல்லையா, பதிலையும் அங்கேயே தேடினேன்.

தாது வருஷப் பஞ்சம் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையே உலுக்கிய பஞ்சம். மிக மோசமாக அடிவாங்கிய மாவட்டங்களில் நம் சேலமும் ஒன்று. நாமக்கல் அப்போது சேலத்துக்குள்தான் இருந்தது. 1871 கணக்கெடுப்பில் சுமார் 20 லட்சமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை, 1881இல் சுமார் 16 லட்சமாகக் குறைந்தது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவாகப் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி கணக்குப் போட்டார். அது உழைக்கிற உடம்புக்குப் போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார்.

என் அம்மாயியின் அம்மா அந்தப் பஞ்சத்தில் பிழைத்த குழந்தை. அந்த வீட்டில் வளர்ந்த அம்மாயி, வட்டிலில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தால் திட்டுவார். ஒல்லியாக ஒரு பிள்ளையைப் பார்த்தால் முகம் வாடிவிடும். இளைத்த உடம்பு என்றால் பஞ்சம், பூசின உடம்பு என்றால் பிழைத்துக்கொண்டோம் என்று அர்த்தம். அந்தப் பயம்தான் நாலு தலைமுறை தாண்டி உங்கள் கமெண்டில் வந்து நிற்கிறது.

அந்தக் காலத்தில் என்ன சாப்பிட்டார்கள்? நம் பக்கம் மானாவாரி பூமி. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடித்தும், தண்ணீரில் பெரும்பகுதி டெல்டாவுக்குத்தான் போனது. நமக்குக் கம்பு, சோளம், ராகி, சாமை, கொள்ளு. காலையில் கூழ், மத்தியானம் களி, தொட்டுக்கொள்ளக் கீரையோ கொள்ளுப் பருப்போ. நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளி வந்தாலும்தான்.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லவேண்டும். "பாட்டி காலத்துச் சாப்பாடு, அதனால்தான் அவர்களுக்குச் சர்க்கரையே இல்லை" என்று வாட்ஸ்அப்பில் நாள்தோறும் வருகிறது. பாதிதான் உண்மை. அம்மாயி ஒல்லியாக இருந்ததற்குக் களி மட்டும் காரணமில்லை. விடியுமுன் கம்பு குத்தினார், திருகையில் ராகி அரைத்தார், கிணற்றில் தண்ணீர் சேந்தினார், காட்டில் களை வெட்டினார். இவ்வளவும் செய்துவிட்டு, எல்லோரும் சாப்பிட்டபின் சட்டியில் மிஞ்சியதைத்தான் சாப்பிட்டார். ஐம்பது வயதில் எழுபது வயதுக் கிழவியாகத் தெரிந்தார். அந்த மெலிவை ஆரோக்கியம் என்று நாம் கொண்டாடுவது அவருக்குச் செய்கிற நியாயம் இல்லை.

பிறகு காலம் மாறியது. மாவு மில் வந்தது, மோட்டார் கிணறு வந்தது, கிரைண்டர் வந்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பதே பெரிய பேச்சு. 2008இல் ரேஷனில் கிலோ ஒரு ரூபாய், 2011 முதல் விலையில்லா அரிசி. பஞ்சத்தைக் கண்ட மண்ணில் ஒரு வீட்டிலும் அடுப்பு அணையக்கூடாது என்று வந்த திட்டங்கள் இவை. இவற்றைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் விருந்துச் சோறு மூன்று வேளைச் சோறானது. உடம்பு உழைப்பு குறைந்தது. அளவு மட்டும் உழைத்த காலத்து அளவாகவே நின்றுவிட்டது.

கொல்லிமலைக் கதையும் இதுதான். சாமை, தினை, பனிவரகு என்று விளைந்த மலை அது. இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது சேலத்தில் 1943 வாக்கில் ஜவ்வரிசித் தொழில் தொடங்கியது. அது வளர வளர மரவள்ளிக்குக் கிராக்கி ஏறி, மலைக்காடுகளிலும் சாமை இருந்த இடத்தில் மரவள்ளி ஏறியது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அங்கே சிறுதானியத்தை மீட்கப் போனபோது விதை மட்டும் கொடுக்கவில்லை, உமி நீக்கும் சிறு இயந்திரங்களையும் கொண்டுவந்தார்கள். ஏனென்றால் சாமை குத்துகிற பாடு முழுக்கப் பெண்கள் தலையில். அந்தப் பாட்டைக் குறைக்காமல் "பழைய உணவுக்குத் திரும்புங்கள்" என்றால் யார் கேட்பார்கள்?

இன்றைய கணக்கைப் பாருங்கள். தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16இல் 100க்கு 31 பேர். 2019-21இல் 40 பேர். ஐந்தாறு வருஷத்தில் இவ்வளவு. இவர்கள்தான் நாளைய பாட்டிகள்.

இன்னொன்று. புனே டாக்டர் யாஜ்னிக் குழுவினர் அங்கே கிராமங்களில் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்தார்கள். இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எடை குறைவு. ஆனால் அந்தச் சிறிய உடம்பிலும் கொழுப்பின் பங்கு கூடுதல். அதனால்தான் நமக்கு எடை மெஷினைவிட இன்ச் டேப் முக்கியம். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனம் தேவை என்கிறார்கள்.

என் கதைக்கு வருகிறேன். ரிட்டயர் ஆனதும் பள்ளி மாடிப்படி நின்றது, கரும்பலகை முன் நின்ற நேரம் நின்றது. பேத்தி மிச்சம் வைத்த இட்லி வீணாகக்கூடாது என்று நானே சாப்பிட்டேன். அம்மாயி திட்டியது காதில் ஒலித்துக்கொண்டே இருக்குமே! 62 வயதில் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. அதைவிடச் சுட்டது வேறு. தாயக்கட்டை ஆட பேத்தி தரையில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. "அம்மாயி, நான் தூக்கட்டுமா?" என்று அந்த ஐந்து வயதுக் குழந்தை கையை நீட்டியது.

அப்போது படித்ததுதான் சென்னை டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு. என்னைப்போல் எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரைப் பிரித்து, சுமார் இரண்டரை வருஷம் பின்தொடர்ந்தார்கள். சும்மா விட்டவர்களில் 100க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்தவர்களில் 39 பேருக்கு. எடை பெரிதாகக் குறையாமலேயே அந்தப் பலன் கிடைத்தது. இது எனக்குப் பெரிய தைரியம் தந்தது. மெஷினில் முள் நகராத மாதங்களிலும் நடையை நான் விடவில்லை.

நான் செய்தது எளிது. காலையில் நாற்பது நிமிஷம் நடை. சோற்றுக்கு ஒரு சின்னக் கிண்ணம் அளவு. அதன் இருமடங்கு காய், கீரை. வாரம் மூன்று நாள் களி, அதுவும் ஓர் உருண்டைதான். ராகியும் மாவுச்சத்துதான் கண்ணுகளா, மூன்று உருண்டை சாப்பிட்டால் அதுவும் சோறுதான். கொள்ளு, பயறு, ஒரு முட்டை. சாயங்காலத் தட்டுவடை செட்டு மாதம் ஒருமுறை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்துமுறை எழுந்து உட்காருவது. மிச்ச இட்லி இப்போது காக்கைக்கு. மாத்திரை எடுப்பவர்கள், முட்டிவலிக்காரர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

நம் பாட்டிகளுக்குச் சாப்பாட்டைத் தேர்ந்தெடுக்க வழியில்லை, உழைப்பைத் தேர்ந்தெடுக்கவும் வழியில்லை. நமக்கு இரண்டும் இருக்கிறது. அவர்கள் குத்திய உலக்கையை நாம் எடுக்க வேண்டாம். அரை மணி நேரம் நடந்தால் போதும். அவர்களைப் போலக் கடைசியில் மிஞ்சியதைச் சாப்பிடவும் வேண்டாம். எல்லோரோடும் உட்கார்ந்து, அளவாகச் சாப்பிடுங்கள்.

பேத்திக்கு இப்போது எட்டு வயது. நேற்றும் தாயம் ஆடினோம். நானாகவே எழுந்தேன். ஆட்டத்தில் ஜெயித்தது அவள்தான்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், நெல்லுச்சோறு தினமும் எப்போதிலிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டு எழுதுங்கள். அதுவும் வரலாறுதான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்